படம் போடத் தெரிகிறது, பரவல் தெரியவில்லை: வரைபடம் வழியாகப் புள்ளியியல் கற்பிப்பது பற்றி

கேள்வி
ஜனவரி 6, மாலை 7:15

என் வகுப்பு மாணவர்கள் எக்செல்லில் கண்மூடித் திறப்பதற்குள் கலர் கலராகப் படம் போட்டுவிடுகிறார்கள். "திட்ட விலக்கம் 4 என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டால் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள். இரண்டு படத்தைக் காட்டி எதில் பரவல், அதாவது எண்கள் சராசரியிலிருந்து சிதறிக்கிடக்கும் அளவு, அதிகம் என்றால் தப்பான படத்தைக் காட்டுகிறார்கள். வரைபடம் வழியாகப் புள்ளியியல் என்பதெல்லாம் வெறும் அலங்காரம் என்றே தோன்றுகிறது. சூத்திரம், கணக்கு, பயிற்சி என்ற பழைய வழியே மேல். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 6, இரவு 9:50

மறுக்கிறேன். நீங்கள் சொல்லும் குறை உண்மைதான். ஆனால் அது வரிசை மாறியதால் வந்தது. கணக்கெல்லாம் முடிந்தபின் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவதற்காகப் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. அப்படிப் போட்டால் நூறு படம் போட்டாலும் மண்டையில் ஏறாது.

திட்ட விலக்கத்தை இப்படி எடுத்துப் பாருங்கள். தேவையானது ஒரு நீளத் தாள், வட்ட ஸ்டிக்கர் 27, கட்டம் போட்ட தாள். நீளத் தாளில் 1 முதல் 9 வரை சம இடைவெளியில் ஓர் அச்சு. இடைவெளி ஸ்டிக்கரின் விட்டத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும், இல்லையேல் பக்கத்து அடுக்கு மேலே ஏறிவிடும். அதே அச்சை அதே அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை போடவேண்டும்.

முதல் தொகுப்பு: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9
இரண்டாவது: 1, 4, 5, 5, 5, 5, 5, 6, 9
மூன்றாவது: 1, 1, 1, 1, 5, 9, 9, 9, 9

மூன்றிலும் சராசரி 5, இடைநிலை 5, வீச்சு 8. ஸ்டிக்கரை ஒட்டி முடித்ததும், சூத்திரத்தின் பேச்சே எடுக்காமல், எதில் பரவல் அதிகம், எதில் குறைவு என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதவேண்டும். எழுதிய பிறகுதான் பேச்சு. வாயால் சொல்லவிட்டால் முதலில் சொன்னவர் பதிலே வகுப்பின் பதிலாகிவிடும்.

பிறகு கட்டத்தாள். ஒவ்வொரு புள்ளிக்கும் 5இலிருந்து உள்ள தூரத்தைப் பக்கமாக வைத்து ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். தூரம் 4 என்றால் 16 கட்டம் கொண்ட சதுரம். தூரம் 0 என்றால் சதுரமே இல்லை. மூன்று தொகுப்பிலும் கட்டங்களை எண்ணினால் 60, 34, 128. ஒன்பதால் வகுத்தால் ஒரு "சராசரிச் சதுரம்" கிடைக்கும். அதன் பக்க நீளம் 2.58, 1.94, 3.77. அந்தப் பக்கம்தான் திட்ட விலக்கம். அதே நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி ஸ்டிக்கர் அச்சின்மேல் 5இல் தொடங்கி வைக்கச் சொல்லுங்கள். சூத்திரத்திலிருக்கும் வர்க்கமும் வர்க்கமூலமும் எதற்கு என்ற கேள்விக்கு விடை அவர்கள் கையிலேயே இருக்கும்.

ஜனவரி 7, காலை 6:30

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். தப்பான படத்தைக் காட்டுகிறார்கள் என்றீர்களே, அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் பட்டைகளின் உயர வேறுபாட்டைப் பரவலாகப் படிக்கிறார்கள். முதல் தொகுப்பில் எல்லா அடுக்கும் ஒரே உயரம், "மேடுபள்ளமே இல்லை, ஆகவே பரவல் இல்லை" என்பார்கள். இரண்டாவதில் நடுவில் ஐந்து அடுக்கு, பக்கத்தில் ஒன்று, ஆகவே "ஏற்ற இறக்கம் அதிகம்" என்பார்கள். உண்மை நேர்மாறு. பரவல் கிடையச்சில் இருக்கிறது, செங்குத்து அச்சு வெறும் எண்ணிக்கை. மேலே உள்ள மூன்று தொகுப்பும் இந்தத் தப்பைப் பிடிப்பதற்கென்றே அமைத்தவை.

கேள்வி கேட்டவர்
ஜனவரி 7, மாலை 5:05

செய்து பார்த்தோம். எண்ணிக்கை சரி. ஆனால் எக்செல்லில் போட்டுச் சரிபார்த்த மாணவருக்கு 2.74, 2.06, 4.00 என்று வந்தது. வகுப்பே குழம்பிவிட்டது.

ஜனவரி 7, இரவு 8:20

முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். நான் 9ஆல் வகுத்தேன், அதாவது இந்த ஒன்பது எண்களே முழுத் தொகுதி என்று வைத்துக்கொண்டேன். விரிதாள் செயலிகளில் வழக்கமான திட்ட விலக்கக் கட்டளை 8ஆல் வகுக்கும். இவை ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்று அது கருதுகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு. எது வேண்டும் என்று முதலிலேயே பலகையில் எழுதிவிடுங்கள்.

இந்தக் குழப்பத்தை விடாமல் பயன்படுத்துங்கள். சராசரிக்கு இரண்டு பக்கமும் ஒரு திட்ட விலக்க தூரத்துக்குள் எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 9ஆல் வகுத்த கணக்கில் முதல் தொகுப்பில் 5 புள்ளி, இரண்டாவதில் 7, மூன்றாவதில் ஒன்றே ஒன்று. 8ஆல் வகுத்தால் முதல் இரண்டும் மாறாது, மூன்றாவதில் பட்டை சரியாக 1க்கும் 9க்கும் போய் நின்று ஒன்பது புள்ளியும் உள்ளே வந்துவிடும்! "ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 விழுக்காடு" என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த விதி மணி வடிவப் பரவலுக்கு மட்டும்தான் என்பது இங்கே கண்முன் தெரியும்.

ஜனவரி 9, இரவு 10:10

அன்ஸ்கோம் நால்வரைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இழைக்குள்ளேயே பதில்.

பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் வெளியிட்ட நான்கு சிறு தரவுத் தொகுப்புகள். ஒவ்வொன்றிலும் 11 புள்ளி. நான்கிலும் கிடையச்சு மாறியின் சராசரி 9, செங்குத்து அச்சு மாறியின் சராசரி 7.50, ஒட்டுறவுக் கெழு (இரண்டு மாறியும் எவ்வளவு நேர்கோட்டில் சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) 0.816, பொருத்தும் கோடு 3 + 0.5 பெருக்கல் கிடை மதிப்பு. படம் போட்டால் நான்கும் நான்கு திசை.

இதைப் பெரும்பாலும் ஒரே திரையில் நான்கு படத்தையும் சேர்த்துக் காட்டி "பார்த்தீர்களா" என்று முடித்துவிடுகிறார்கள். வித்தை பார்த்த மாதிரி கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு தொகுப்பு கொடுங்கள். மற்ற குழுவின் தரவு தெரியக்கூடாது. முதலில் எண்களைக் கணக்கிட்டு பலகையில் எழுதட்டும். நான்கு வரிசையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து "எல்லோருக்கும் ஒரே தரவுதான்" என்பார்கள். எண்ணை மட்டும் வைத்துத் தரவு எப்படி இருக்கும் என்று ஒரு படம் ஊகித்து வரையச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் சாய்ந்த மேகம் ஒன்றை வரைவார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான 11 புள்ளி, கையால், கட்டத்தாளில்.

இங்கே சொதப்புவது அச்சு. மென்பொருளிடம் விட்டால் ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனி அளவு போட்டுவிடும், ஒப்பிட முடியாது. நான்குக்கும் கிடையச்சு 0 முதல் 20, செங்குத்து அச்சு 0 முதல் 14 என்று நிறுத்துங்கள்.

படத்தோடு நிற்காமல் புள்ளியை நீக்கிப் பார்க்கவைக்கவேண்டும். மூன்றாம் தொகுப்பில் 13, 12.74 என்ற புள்ளியை மறைத்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் மற்ற பத்தும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நிற்கும், சாய்வு 0.5இலிருந்து 0.35 அளவுக்கு இறங்கும். நான்காம் தொகுப்பில் 19, 12.50 என்ற புள்ளியை மறைத்தால் மிச்சம் பத்துக்கும் கிடை மதிப்பு 8. சாய்வைக் கேட்டால் பூஜ்ஜியத்தால் வகுத்த பிழை வரும். அந்த 0.5 என்ற சாய்வு முழுக்க ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அந்தப் பிழைச் செய்தியில்தான் உறைக்கும்.

டைனோசர் வடிவத் தரவும் இதே வகைதான். ஆல்பர்ட்டோ கெய்ரோ வரைந்த டைனோசரை வைத்து 2017இல் மட்டேக்காவும் ஃபிட்ஸ்மாரிஸும் மேலும் பன்னிரண்டு வடிவம் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் 142 புள்ளி. சின்ன வகுப்புக்கு ஆர்வமூட்ட நல்லது. கையால் வரைய 142 அதிகம், அதனால் வேலை வாங்க அன்ஸ்கோமே மேல்.

ஜனவரி 10, மதியம் 1:40

ஹிஸ்டோகிராம், பாடநூல் சொல்வதுபோல் நிகழ்வுச் செவ்வகம். இதில் பிரிவு இடைவெளி, அதாவது ஒவ்வொரு பட்டையும் அடக்கும் மதிப்புகளின் அகலம், மாணவருடைய முடிவு என்று தெரியவேண்டும். மென்பொருள் தானாக ஒன்றைத் தேர்ந்துவிடுவதால் அது தரவின் குணம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதற்கு ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுத் தரவைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ளது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் தரவில் 272 பதிவு. ஒரு பீறலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காத்திருப்பு நிமிடங்கள், 43 முதல் 96 வரை. இடைவெளியை 30 நிமிடமாக வைத்தால் இரண்டு தடித்த பட்டை, ஒன்றும் புரியாது. 1 நிமிடமாக வைத்தால் சீப்புப் பல் மாதிரி கரடுமுரடு. 5 நிமிடத்தில் வைத்தால் இரண்டு மேடு பளிச்சென்று எழும், ஒன்று 54 பக்கம், இன்னொன்று 80 பக்கம்.

சராசரி ஏறக்குறைய 71. அதைப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் போய் விழும். "71 நிமிடம் காத்திருங்கள்" என்பது மிகச் சிலருக்கே பலிக்கும் அறிவுரை. அடுத்த படியாக, முந்தைய பீறல் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைக் கிடையச்சில் வைத்து சிதறல் வரைபடம் போட்டால், குறுகிய பீறலுக்குப் பின் குறுகிய காத்திருப்பு, நீண்டதற்குப் பின் நீண்டது என்று இரண்டு கூட்டமாகப் பிரியும். இரண்டு மேடு ஏன் வந்தது என்ற கேள்வியே இரண்டாம் மாறியைத் தேட வைக்கிறது. ஒரு படம் அடுத்த படத்தைக் கேட்கும்படி பாடத்தைக் கோப்பது என்றால் இதுதான்.

ஜனவரி 10, மதியம் 2:15

மேலே அன்ஸ்கோமுக்கு அச்சை 0இல் தொடங்கச் சொன்னதை எல்லாப் படத்துக்கும் பொது விதியாக எடுக்கவேண்டாம். பட்டை விளக்கப்படத்துக்கு 0 கட்டாயம், ஏனென்றால் கண் நீளத்தை ஒப்பிடுகிறது. 96, 98 என்ற இரண்டு எண்ணை 95இல் தொடங்கும் அச்சில் பட்டையாக வரைந்தால் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். புள்ளிக்கும் கோட்டுக்கும் கண் இடத்தைத்தான் பார்க்கிறது, அங்கே 0 தேவையில்லை. உடல் வெப்பநிலையை 0இலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

ஜனவரி 11, இரவு 9:00

பாக்ஸ் பிளாட், அதாவது பெட்டிப்படம். புள்ளியியலாளர் ஜான் டூக்கி பரப்பியது. தரவின் நடுப்பாதி பெட்டி, அதன் குறுக்குக்கோடு இடைநிலை, இரண்டு பக்கமும் நீளும் கோடுகள் மீசை. பெட்டியும் மீசையும் சேர்ந்து நான்கு பகுதி. மாணவர்கள் நீளமான பகுதியில் ஆட்கள் அதிகம் என்று படிப்பார்கள். நான்கிலும் ஏறக்குறைய கால்பங்கு தரவுதான், நீளமான பகுதியில் அவை கலைந்து நிற்கின்றன. இதைச் சொல்லிப் புரியவைக்க முயலாமல், புள்ளிப்படத்தை வரையச்சொல்லி அதன்மேலேயே பெட்டியை வரையவைத்தால் போதும். பெட்டி தனியாக வரும் படத்தை முதல் சில வகுப்புகளுக்குக் காட்டவே வேண்டாம். மேலே சொன்ன ஓல்ட் ஃபெய்த்ஃபுல் தரவுக்கும் ஒரு பெட்டி போடுங்கள்: இரண்டு மேடும் மாயமாகிவிடும். பெட்டி எதை மறைக்கிறது என்பதும் பாடம்தான்.

கையால் போட்டதும் மென்பொருள் போட்டதும் ஒத்துப்போகாது என்பதற்கு முன்பே தயாராக இருங்கள். 1 முதல் 10 வரை பத்து எண். முதல் கால்மானம், அதாவது கீழ்க் கால்பங்கு முடியும் இடம், என்ன? கீழ்ப்பாதியின் இடைநிலை என்ற கைக்கணக்கில் 3. எக்செல்லின் இன்க்ளூசிவ் வகையில் 3.25. எக்ஸ்க்ளூசிவ் வகையில் 2.75. மூன்றும் ஏற்கப்பட்ட முறைகளே. எக்செல் பெட்டிப்படத்துக்கு வழக்கமாக எடுப்பது எக்ஸ்க்ளூசிவ். ஆர் மென்பொருளின் பெட்டி கைக்கணக்கோடு ஒத்துப்போகும், ஆனால் அதே ஆர் மென்பொருளில் கால்மானத்தைத் தனியாகக் கேட்டால் 3.25 சொல்லும். தரவு பெரிதாக இருந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பத்துப் புள்ளி வைத்துத் தேர்வில் கேட்பவர்கள் எந்த முறை என்று வினாத்தாளிலேயே எழுதவேண்டும்.

கேள்வி கேட்டவர்
ஜனவரி 12, காலை 8:45

சுருக்கிச் சொல்லும் புள்ளியியலுக்குப் படம் உதவும் என்று ஒப்புக்கொள்கிறேன். மாதிரியை வைத்து முழுத் தொகுதியைப் பற்றி முடிவு சொல்லும் அனுமானப் புள்ளியியல்? மாதிரிப் பரவல், பி மதிப்பு இதையெல்லாம் எப்படி வரைவீர்கள்? அங்கே சூத்திரம்தானே கதி?

ஜனவரி 12, இரவு 10:30

அங்கேதான் படம் அதிகம் தேவை. சூத்திரம் ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பேசுகிறது. எடுக்காத மாதிரிகள் எப்படி இருந்திருக்கும் என்பது மாணவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அதைச் சுவரில் ஒட்டிக் காட்டலாம்.

ஏறக்குறைய 200 சொல் கொண்ட ஓர் உரைநடைப் பத்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் 1, 2, 3 என்று எண் போட்டு நகல் எடுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தாளைப் பார்த்து, பத்திக்குப் பிரதிநிதியாக இருக்கும் என்று தோன்றும் 10 சொல்லை வட்டமிடவேண்டும். அவற்றின் சராசரி எழுத்து எண்ணிக்கையைக் கண்டு சுவர் அச்சில் ஒரு ஸ்டிக்கர். இரண்டாம் சுற்றில் குலுக்கல் எண்களால் 10 சொல், வேறு நிற ஸ்டிக்கர், முதல் அச்சுக்கு நேர்கீழே அதே அளவுள்ள இரண்டாம் அச்சில். கடைசியில் முழுப் பத்தியின் உண்மைச் சராசரியில் ஒரு செங்குத்துக் கோடு.

கண்ணால் எடுத்த கூட்டம் பொதுவாகக் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளி நிற்கும். நீளமான சொல்தான் கண்ணில் படும், "ஒரு", "அது", "என" எல்லாம் படாது. குலுக்கல் கூட்டம் கோட்டைச் சுற்றி நிற்கும். "10 சொல் போதாது, 20 எடுத்தால் சரியாகும்" என்று யாராவது சொல்வார்கள். எடுக்கட்டும். கண்ணால் எடுத்தது கொஞ்சம் நெருக்கமாகும், ஆனால் நகராது. ஒருசார்பு வேறு, பரவல் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் சொல்லாது. குலுக்கலில் 5 சொல், 20 சொல் என்று இரண்டு வரிசை போட்டால் மாதிரி அளவு நான்கு மடங்கானபோது கூட்டத்தின் அகலம் சுமார் பாதியாவதையும் அளந்து பார்க்கலாம். வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கேட்பார்கள்.

கவனிக்கவேண்டியது: எழுத்தை எப்படி எண்ணுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். "தமிழ்" கையால் எண்ணினால் மூன்று எழுத்து. விரிதாளில் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும், மெய்யின் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணுவதால். பாதிப்பேர் கையாலும் பாதிப்பேர் கணினியாலும் எண்ணினால் சுவரில் தெரியும் இரண்டு கூட்டம் மாதிரியெடுப்பால் வந்ததல்ல, அளவீட்டால் வந்தது. உண்மைச் சராசரியையும் அதே முறையில் எண்ணியிருக்கவேண்டும்.

ஜனவரி 13, மாலை 6:50

பி மதிப்புக்கு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இந்த அளவு விளைவு தற்செயலாக வரும் வாய்ப்புக்கு, அடையாள அணிவகுப்பு. ஆண்ட்ரியாஸ் புஜா, டயான் குக் முதலானோர் 2009இல் முன்வைத்த முறை. சந்தேக நபரை மற்றவர்களோடு நிறுத்திச் சாட்சியிடம் காட்டுவதுபோல, உண்மையான படத்தை 19 போலிப் படங்களோடு கலந்து நிறுத்துகிறோம்.

30 முதல் 50 புள்ளி உள்ள ஏதாவது இரண்டு மாறி. இரண்டாம் மாறியின் நெடுவரிசையை நகலெடுத்து, பக்கத்தில் ராண்டம் எண்களை நிரப்பி, அந்த எண்களின்படி வரிசைப்படுத்துங்கள். மதிப்புகள் அப்படியே இருக்கும், ஜோடி மட்டும் கலைந்திருக்கும். இப்படி 19 தடவை. இருபது சிதறல் படங்களையும் ஒரே அளவில், ஒரே அச்சு வீச்சில், தலைப்பும் போக்குக்கோடும் இல்லாமல், 1 முதல் 20 வரை எண்ணிட்டு ஒரே தாளில் அச்சிடுங்கள். உண்மைப்படம் எந்த எண்ணில் என்பதைக் குலுக்கிப் போடுங்கள். நாமே தேர்ந்தால் 7இலோ 13இலோ வைத்துவிடுவோம், ஓரத்தில் வைக்க மனம் வராது.

ஒவ்வொருவரும் "மற்றவற்றிலிருந்து மாறுபட்டது எது" என்று ஓர் எண்ணை எழுதவேண்டும். தரவில் தொடர்பே இல்லை என்றால் உண்மைப்படத்தைச் சரியாகச் சுட்டும் வாய்ப்பு 20இல் 1, அதாவது 0.05. பி மதிப்பின் அந்தப் புகழ்பெற்ற எல்லை இங்கே ஒரு தாளில் இருபது கட்டமாகக் கிடக்கிறது. "தொடர்பு இல்லை என்று வைத்துக்கொண்டால்" என்ற நிபந்தனையைத் தேர்வில் எழுத மறப்பவர்கள் இதற்குப் பின் மறப்பது குறைவு, ஏனென்றால் அந்த 19 போலிகள்தான் அந்த நிபந்தனை.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முந்தைய வகுப்பில் அந்தத் தரவின் படத்தை ஏற்கெனவே காட்டியிருந்தால் நினைவிலிருந்து சுட்டிவிடுவார்கள். போக்குக்கோட்டை அச்சிட்டுவிட்டால் படத்தைப் பார்க்காமல் கோட்டின் சாய்வை மட்டும் பார்ப்பார்கள்.

இதற்கு முன்னோட்டமாக இருபதும் போலியாக உள்ள ஒரு தாளைக் கொடுப்பது நல்லது. சும்மா குலுக்கியதிலேயே சாய்வும் கொத்தும் தெரியும் என்று பழகவேண்டும். எல்லாம் போலி என்று முடிந்ததும் சொல்லிவிடுங்கள்.

ஜனவரி 14, காலை 7:10

நேற்றையதில் ஒரு திருத்தம். "30 மாணவர்களில் 12 பேர் சரியாகச் சுட்டினால், தற்செயலாக எதிர்பார்க்கும் ஒன்றரைப் பேரோடு ஒப்பிட்டு ஈருறுப்புப் பரவலில் போடலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியே போடக்கூடாது. எல்லோரும் பார்த்தது ஒரே தாள். 19 போலிகளில் ஒன்று தற்செயலாக வினோதமாக அமைந்துவிட்டால் எல்லோரும் அதையே சுட்டுவார்கள். முப்பது கண்கள் முப்பது சோதனை ஆகாது. குழுவுக்கு ஒரு தாளாக, ஒவ்வொன்றிலும் புதிதாகக் கலைத்த போலிகளும் வேறு இடத்தில் உண்மைப்படமும் வைத்தால் நிலைமை நன்றாகவே மேம்படும். ஒரே தாளில் செய்தால் 0.05 என்ற பேச்சை ஒரு பார்வையாளருக்கு மட்டும் பேசுங்கள்.

ஜனவரி 16, இரவு 9:30

சிம்ப்ஸன் முரண்பாட்டை, அதாவது பிரிவு பிரிவாகப் பார்த்தால் ஒரு முடிவும் கூட்டிப் பார்த்தால் நேர்மாறான முடிவும் வருவதை, வரையமுடியுமா என்று கேட்டவருக்கு. முடியும், அடிக்கோல் போதும்.

1986இல் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சை ஒப்பீடு. திறந்த அறுவையில் சிறிய கல்லுக்கு 87இல் 81 வெற்றி, பெரிய கல்லுக்கு 263இல் 192. தோலில் துளையிட்டு நீக்கும் முறையில் சிறிய கல்லுக்கு 270இல் 234, பெரிய கல்லுக்கு 80இல் 55. விழுக்காட்டில் திறந்த அறுவை 93, 73. துளைமுறை 87, 69. இரண்டு வகையிலும் திறந்த அறுவையே மேல். மொத்தமாகக் கூட்டினால் 350இல் 273, 350இல் 289. அதாவது 78க்கு 83, துளைமுறை மேல்!

அட்டவணையாகக் காட்டினால் "ஏதோ கணக்கு வித்தை" என்பார்கள். கிடையச்சில் பெரிய கல் நோயாளிகளின் பங்கை 0 முதல் 100 விழுக்காடு வரை வையுங்கள். செங்குத்து அச்சில் வெற்றி விழுக்காடு. திறந்த அறுவைக்கு இடக்கோடியில் 93இல் ஒரு புள்ளி, வலக்கோடியில் 73இல் ஒரு புள்ளி, இரண்டையும் சேர்த்துக் கோடு. துளைமுறைக்கு 87இலிருந்து 69க்கு இன்னொரு கோடு. முதல் கோடு முழுநீளமும் இரண்டாவதற்கு மேலேயே ஓடும். இப்போது ஒவ்வொரு கோட்டிலும் உண்மையான நோயாளிகள் எங்கே நிற்கிறார்கள் என்று குறிக்கவேண்டும். திறந்த அறுவையில் பெரிய கல் 350இல் 263, அதாவது 75 விழுக்காடு. அந்த இடத்தில் மேல்கோட்டின் உயரம் 78. துளைமுறையில் 350இல் 80, அதாவது 23 விழுக்காடு. அந்த இடத்தில் கீழ்க்கோட்டின் உயரம் 83. மேல்கோட்டில் வலப்பக்கம் சரிந்து நிற்கும் புள்ளி, கீழ்க்கோட்டில் இடப்பக்கம் உயரத்தில் நிற்கும் புள்ளியைவிடத் தாழ்ந்திருக்கிறது. கடினமான கேஸ் எல்லாம் ஒரு பக்கம் போனதுதான் விஷயம். இரண்டையும் 50இல் நிறுத்திப் படிக்கச் சொன்னால், சரிசெய்த ஒப்பீடு என்றால் என்ன என்பதும் அதே படத்திலேயே கிடைத்துவிடும்.

அச்சை 60 முதல் 100 வரை வையுங்கள். 0இலிருந்து வைத்தால் இரண்டு கோடும் ஒட்டிக்கொள்ளும். புள்ளியும் கோடும்தான், பட்டை இல்லை, ஆகவே ஜனவரி 10 குறிப்பின்படி தப்பில்லை.

ஜனவரி 17, இரவு 8:00

இதுவரை பேசியதெல்லாம் இருக்கும் தரவை வரைவது. வரையாமல் விட்ட தரவைக் கேட்கவும் பழக்கவேண்டும். சேலஞ்சர் விண்ணோடம் ஏவியதும் சிதறிய நாள், 1986 ஜனவரி 28. அதற்குமுன் தரவு கிடைத்த ஏவுதல் 23. அவற்றில் 7இல் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களில் சேதம். அந்த ஏழின் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் 53, 57, 58, 63, 70, 70, 75. இதை மட்டும் அச்சில் வைத்தால் குளிரிலும் சேதம், வெதுவெதுப்பிலும் சேதம், தொடர்பு ஒன்றும் தெரியாது. மாணவர்களிடம் முதலில் இதை மட்டும் கொடுத்து முடிவு எழுதச் சொல்லுங்கள். பிறகு சேதமே இல்லாத 16 ஏவுதலைக் கொடுங்கள். அத்தனையும் 66 டிகிரியோ அதற்கு மேலோ. 65க்குக் கீழே நான்கு ஏவுதல், நான்கிலும் சேதம். மேலே பத்தொன்பது, மூன்றில் சேதம். ஏவும் நாளுக்கு முன்னறிவித்த வெப்பநிலை 31. அச்சை 30 வரை இடப்பக்கம் நீட்டி அந்த இடத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத வெற்றிடம் தெரியும். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையத்தின் அறிக்கையில் இந்த இரண்டு படமும் உண்டு.

ஏழு உயிர் போன விஷயம். புதிராகவோ போட்டியாகவோ நடத்தவேண்டாம். பொறியாளர்கள் குளிரைப் பற்றி முந்தைய இரவே எச்சரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 17, இரவு 8:25

பிழைப்பட்டை, அதாவது சராசரிப் புள்ளிக்கு மேலும் கீழும் நீளும் கோடு, பற்றிச் சுருக்கமாக. பட்டைக்குக் கீழே அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா (மாதிரிக்கு மாதிரி சராசரி மாறும் அளவு), 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியா என்று எழுதாத படத்துக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். "இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் வேறுபாடு இல்லை" என்பதும் தப்பு. இரண்டு சராசரி 10, 13, இரண்டுக்கும் திட்டப் பிழை 1. இரண்டு பக்கமும் 1.96 திட்டப் பிழை வைத்தால் 95 விழுக்காடு இடைவெளிகள் 8.04 முதல் 11.96, 11.04 முதல் 14.96. ஏறிக்கிடக்கின்றன. ஆனால் வேறுபாடு 3, அதன் திட்டப் பிழை 1.41, விகிதம் 2.12, பி மதிப்பு 0.034. வேறுபாட்டுக்கே ஓர் இடைவெளியை மூன்றாவதாகப் பக்கத்தில் வரைந்து அது 0வைத் தொடுகிறதா என்று பார்ப்பதே சரி.

கேள்வி கேட்டவர்
ஜனவரி 19, மாலை 6:00

எல்லாம் சரி, தேர்வில் எப்படிக் கேட்பது? படம் வரைக, 5 மதிப்பெண் என்றால் பழைய கதைதான்.

ஜனவரி 19, இரவு 9:40

வரையச் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். மூன்று ஹிஸ்டோகிராம், மூன்று பாக்ஸ் பிளாட், எண் இல்லாமல் அச்சடித்து ஜோடி சேர்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே வரியில் காரணம், காரணத்துக்கே மதிப்பெண். அல்லது ஒரு புள்ளிப்படத்தைக் கொடுத்து, கணக்கிடாமல் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் ஊகித்து அச்சின்மேல் குறிக்கச் சொல்லலாம். சராசரிக்கு வீச்சில் பத்தில் ஒரு பங்கு வரை பிசகலாம், திட்ட விலக்கத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வரை விட்டுக்கொடுங்கள்.

தலைகீழாகவும் கேட்கலாம்: "ஒன்பது ஸ்டிக்கர், 1 முதல் 9 வரை அச்சு, சராசரி 5. திட்ட விலக்கம் முதல் தொகுப்பைவிடப் பெரிதாகவும் மூன்றாவதைவிடச் சிறிதாகவும் இருக்கும்படி ஒட்டுக." விடை பல உண்டு. 1, 1, 2, 4, 5, 6, 8, 9, 9 போதும்: கட்டங்கள் 16, 16, 9, 1, 0, 1, 9, 16, 16, கூட்டினால் 84. அது 60க்கும் 128க்கும் நடுவில் இருக்கிறது. கட்டத்தை எண்ணியே திருத்திவிடலாம், கால்குலேட்டர் வேண்டாம்.